கீழ்ப்பாக்கத்து டாக்டர் அம்மையார்

சென்ற ஆவணி மாதத்தில் ஈரோட்டுக்குத் தெற்கே ஒரு கிராமத்தில், நண்பர் ஒருவரின் உறவினர் வீட்டு நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தேன். வீட்டைச் சுற்றிலும் மஞ்சள் பயிர் முழங்கால் உயரம் நின்றது. விருந்து பிரமாதம். சாப்பாடு முடிந்து, வெற்றிலை போட்டுக்கொண்டு ஆசாரத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்த சமயத்தில், பொடக்காலிப் பக்கத்திலிருந்து யாரோ கதவை இடிப்பதுபோல் ‘தொம் தொம்’ என்று சப்தம் கேட்டது. மாப்பிள்ளை வீட்டார் பேச்சை நிறுத்தித் தலையைத் திருப்பினார்கள். பெண்ணின் பாட்டியார் கொஞ்சமும் தயங்காமல், “ஒண்ணுமில்லீங்க தம்பி, கன்னுக்குட்டி கதவை முட்டுதுங்க. நீங்க பாயசம் சாப்பிட்டீங்களா?” என்றார். பேச்சு பழையபடி மஞ்சள் விலைக்குத் திரும்பிற்று.

புறப்படும்போது பின்பக்கம் போய்க் கை கழுவினேன். தொழுவம் வெறிச்சென்று கிடந்தது. அந்த வீட்டில் மாடு கன்று கட்டி வெகு நாளாகியிருக்க வேண்டும். மூலையில் ஓர் அறை, வெளியே தாழ்ப்பாள்.

திரும்பும் வழியில் நண்பர் விஷயத்தைச் சொன்னார். அறைக்குள் இருந்தவன் மணப்பெண்ணின் தமையன். கோயம்புத்தூரில் இஞ்சினீயர் படிப்பில் மூன்றாவது வருஷம் வரையில் முதல் வகுப்பிலேயே தேறி வந்தவன். இருபதாவது வயதில் ஒருவரோடும் பேசாமல் ஒதுங்கத் தொடங்கினான். பிறகு, காதருகில் யாரோ இடைவிடாமல் தன்னை ஏசுவதாகச் சொன்னான். அப்புறம், தாயார் போடும் சோற்றில் விஷம் கலந்திருக்கிறது என்று சாப்பிட மறுத்தான். மந்திரித்துப் பார்த்தார்கள், நேர்த்திக்கடன் செலுத்தினார்கள், ஒரு டாக்டரிடம் காட்டி நான்கு மாதம் மருந்து கொடுத்தார்கள். சற்றுக் குணம் தெரிந்ததும் மருந்தை நிறுத்திவிட்டார்கள். அதன் பின் ஆறு வருஷமாக அந்த அறைதான். தங்கையின் கலியாணம் முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது குடும்பத்தின் தீர்மானம்.

நேயர்கள் அந்தக் குடும்பத்தாரைக் கொடியவர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். நாள்தோறும் மூன்று வேளையும் உள்ளே போய்ச் சோற்றைப் பிசைந்து ஊட்டுகிறவர், கன்றுக்குட்டிக் கதை சொன்ன அந்தப் பாட்டியாரேதான். அன்பும் பயமும் வெட்கமும் சேர்ந்து போட்ட தாழ்ப்பாள் அது. இந்தத் தாழ்ப்பாளைப் பற்றியே அறுபது வருஷ காலம் சிந்தித்த ஒரு பெண்மணி சென்னைப் பட்டணத்தில் வாழ்ந்தார். இந்த வாரம் அவரைப் பற்றி எழுதலாம் என்று தோன்றிற்று.

டாக்டர் சாரதா மேனன் 1923-ம் வருஷம் ஏப்ரல் 5-ந் தேதி மங்களூரில் ஒரு மலையாளக் குடும்பத்தில் எட்டுக் குழந்தைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தார். தகப்பனார் நீதிபதி. அவருக்குச் சென்னைக்கு மாற்றலானதால் குமாரத்தியின் படிப்பும் சென்னையிலேயே நடந்தது. கிறிஸ்தவ மகளிர் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்று, டில்லி இர்வின் ஆஸ்பத்திரியில் பயிற்சி பெற்றுத் திரும்பி, 1951-ல் எம்.டி. பட்டம் வாங்கினார். அந்த நாளில் டாக்டருக்குப் படித்த பெண்மணி என்றால் பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போவாள் என்றே ஊரார் எதிர்பார்ப்பார்கள். இவரோ மனநோய் வைத்தியத்தைத் தேர்ந்துகொண்டார். பெங்களூரில் 1954-ல் ஏற்பட்ட அகில இந்திய மனநல ஸ்தாபனத்தில் கற்று, இந்தியாவின் முதல் பெண் மனநோய் நிபுணர் என்று பெயர் பெற்றார். 1959-ல் கீழ்ப்பாக்கத்து மனநோய் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர், இரண்டே வருஷத்தில், 1961-ல், அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றார்.

‘கீழ்ப்பாக்கம்’ என்பது நம்மவர் நாவில் ஓர் ஊர்ப்பெயராக இல்லாமல் வசவாகவே ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்துப் பையன்கூட, “இவனைக் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்ப வேண்டியதுதான்” என்கிறான். அங்கே குடியிருக்கும் வக்கீல்களும் வர்த்தகர்களும் விலாசம் சொல்லும்போது எப்படி உணர்கிறார்களோ, தெரியாது! அந்த ஆஸ்பத்திரிக்கு மூலமான பைத்தியசாலையைக் கும்பினியார் காலத்தில், 1794-ல், வாலன்டைன் கானலி என்ற வெள்ளைக்கார டாக்டர் தொடங்கினார். 1871-ல் அது கீழ்ப்பாக்கத்துத் தோட்டத்துக்கு வந்தது. 1922-ல் ‘பைத்தியசாலை’ என்ற பெயர் போய் ‘மனநோய் ஆஸ்பத்திரி’ என்றாயிற்று. பலகையில் பெயர் மாறிற்று. ஜனங்களின் மனத்தில் மாறவில்லை. உள்ளே ஆயிரக்கணக்கான நோயாளிகள். உறவினர் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். எழுதிக் கொடுத்த விலாசத்துக்குக் கடிதம் போட்டால் அப்படி ஒருவர் இல்லை என்று திரும்பி வருவதும் உண்டு.

அங்கே அடைபட்டிருந்தவர்களில் பெரும் பங்கினர் அந்த மொடக்குறிச்சிச் சாலைப் பையனைப் பீடித்த அதே வியாதியால் வந்தவர்கள். ஸ்கீஸோப்ரீனியா என்று உலகம் சொல்வதைத் தமிழில் மனச்சிதைவு என்கிறோம். ஸ்விட்ஸர்லாந்து தேசத்து யூஜின் ப்ளூலர் 1908-ல் அந்தப் பெயரைச் சூட்டினார். அதற்கு முன் ஜெர்மானிய நிபுணர் கிரேப்ளின், இது வாலிபத்திலேயே புத்தி தேய்ந்துபோகும் வியாதி, மீட்சி அரிது என்று கருதிவந்தார். ஒருவருக்குள் இரண்டு மனிதர்கள் குடியிருப்பதாகச் சினிமாக்களில் காட்டுகிறார்களே, அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. எண்ணமும் உணர்ச்சியும் செயலும் ஒன்றோடொன்று இணைந்து ஓடாமல் பிரிந்துபோவதே இந்த வியாதி. பெரும்பாலும் பதினேழு, பதினெட்டு வயதுக்கு மேல் முப்பத்தைந்துக்குள் தலைகாட்டும். ஆடவருக்குச் சற்று முந்தியே வரும். வளர்த்த விதத்தாலும் வருவதில்லை, செய்வினையாலும் வருவதில்லை. பரம்பரைக்குப் பங்கு உண்டு. ஆனால் ஜனங்கள் பயப்படுகிற அளவுக்கு இல்லை. அண்ணனுக்கு இருந்தால் தங்கைக்கும் வரும் வாய்ப்பு நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. சம்பந்தி வீட்டார் காதில் இந்தக் கணக்கு விழுவதே இல்லை.

மருந்து வந்த கதை ரசமானது. சாயத்தொழிலும் நெசவும் தெரிந்த நம் ஜில்லாக்காரர்கள் அவசியம் கேட்க வேண்டியது. 1876-ல் ஜெர்மனியில் ஹைன்ரிக் காரோ என்ற ரசாயனி துணிக்குப் போடும் ஒரு நீலச் சாயத்தைச் செய்தார். மெத்திலீன் நீலம் என்பது அதன் பெயர். அந்தச் சாயத்தின் அணு அமைப்பைப் பிரித்தும் சேர்த்தும் பார்த்துக்கொண்டே போனதில், எழுபது சொச்சம் வருஷத்துக்குப் பிறகு பிறந்ததுதான் க்ளோர்ப்ரோமஸின். 1952-ல் பாரிஸ் நகரத்து ஆஸ்பத்திரியில் டிலே, டெனிகர் என்ற இரண்டு டாக்டர்கள் அதை மனநோயாளிகளுக்குக் கொடுத்தபோது, கூச்சல் நிறைந்திருந்த வார்டுகள் அமைதியடைந்தன. சாயப்பட்டறைக் கழிவால் காளிங்கராயன் வாய்க்காலில் பட்ட கஷ்டத்தை மறக்க முடியாத நமக்குச் சாயத்தின் வம்சத்தில் இப்படி ஒரு நல்ல பிள்ளையும் பிறந்தது ஆச்சரியமாகவே இருக்கும். நம் தேசத்து மூலிகை ஒன்றையும் இங்கே சொல்லாமல் விடக் கூடாது. சர்ப்பகந்தி வேரைப் பைத்தியத்துக்குக் கொடுப்பது இந்தியாவில் பழைய வழக்கம். வங்காளத்து வைத்தியர்கள் கணநாத சேனும் கார்த்திக் சந்திர போஸும் 1931-லேயே அதை ஆராய்ந்து எழுதினார்கள். இருபது வருஷம் கழித்து அதன் சத்தை மேல்நாட்டார் பிரித்தெடுத்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. சில வருஷங்கள் அது மனநோய்க்குப் பயன்பட்டு, பின்னர் புதிய மருந்துகளுக்கு இடம் விட்டது.

சாரதா மேனன் அம்மையார் பொறுப்பேற்றது, இந்த மருந்துகள் நம் ஆஸ்பத்திரிகளுக்கு வந்து சேர்ந்த சமயம். வேறொருவராயிருந்தால், வார்டில் அமைதி நிலவுகிறது, இனி என்ன என்று திருப்தியடைந்திருப்பார். அம்மையாரின் கண்ணுக்குத் தெரிந்தது வேறு. காதில் கேட்ட குரல் அடங்கிவிடுகிறது. சோற்றில் விஷம் இருக்கிறது என்ற சந்தேகமும் தீர்ந்துவிடுகிறது. ஆனால் மனிதன் சுவரைப் பார்த்து உட்கார்ந்தே இருக்கிறான். குளிக்கச் சொன்னால்தான் குளிக்கிறான். படித்த படிப்பு, பழகிய தொழில், பேசத் தெரிந்த பேச்சு எல்லாம் துருப்பிடித்துக் கிடக்கின்றன. வீட்டுக்கு அனுப்பினால் வீட்டார் ஏற்பதில்லை, ஏற்றாலும் ஒரு மூலையில் உட்கார வைக்கிறார்கள், மருந்து நிற்கிறது, வியாதி திரும்புகிறது, மறுபடியும் கீழ்ப்பாக்கம். ஆகவே வைத்தியத்தின் பாதி மாத்திரையில் இருக்கிறது, மறு பாதி வேலையிலும் வீட்டிலும் இருக்கிறது என்று அவர் முடிவுக்கு வந்தார். ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குத் தொழிற்பயிற்சி வளர்ந்தது. தைத்தார்கள், நெய்தார்கள், ரொட்டி சுட்டார்கள். ஒரு மனிதன் தன் கையால் செய்த பண்டத்தை மற்றொருவன் காசு கொடுத்து வாங்கும்போது அவனுக்குள் ஏதோ நிமிர்கிறது என்பதை, தறியில் உட்கார்ந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. 1978 வரையில், பதினேழு வருஷம், அவர் அந்தப் பதவியில் இருந்தார். அங்கே அவ்வளவு நீண்ட காலம் தலைமை வகித்தவர் வேறொருவரும் இல்லை.

உத்தியோகத்திலிருந்து விலகினவர் ஓய்வெடுக்கவில்லை. 1984-ல், அறுபத்தோராவது வயதில், டாக்டர் ஆர். தாரா முதலான இளைய டாக்டர்களோடு சேர்ந்து மனச்சிதைவு ஆராய்ச்சிக்கென்றே ஒரு ஸ்தாபனத்தை ஏற்படுத்தினார். ‘ஸ்கார்ஃப்’ என்ற சுருக்கப் பெயரில் சென்னை அண்ணா நகரில் நடந்துவரும் அந்த ஸ்தாபனம், சிகிச்சை, தொழிற்பயிற்சி, ஆராய்ச்சி மூன்றையும் ஒரே கூரையின் கீழ் வைத்துக்கொண்டது. புதுக்கோட்டை ஜில்லாவுக்கு அதன் பஸ் ஒன்று போயிற்று. அந்தப் பஸ்ஸுக்குள் உட்கார்ந்த கிராமத்து நோயாளியைச் சென்னையிலிருந்த டாக்டர் திரையில் பார்த்துப் பேசுவார். மருந்து அங்கேயே கிடைக்கும். சென்னைக்கு வர ரயில் செலவு இல்லாதவனிடம் டாக்டரே போகட்டும் என்ற யோசனை, எழுதும்போது சுலபமாக இருக்கிறது! சர்க்கார் 1992-ல் அம்மையாருக்குப் பத்மபூஷண் அளித்தது. தொண்ணூறு வயதுக்கு மேலும் நோயாளிகளைப் பார்த்துவந்தவர், 2021-ம் வருஷம் டிசம்பர் 5-ந் தேதி, தொண்ணூற்றெட்டாவது வயதில் காலமானார்.

சென்னை டாக்டர்கள் செய்த ஆராய்ச்சிகளுள் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1981, 82-ம் வருஷங்களில் முதல் முறையாக இந்த வியாதி கண்டு வந்த 90 பேரைத் தேர்ந்து, அவர்களை விடாமல் பின்தொடர்ந்தார்கள். பத்து வருஷம், இருபது வருஷம் என்று வீடு வீடாகத் தேடிப் போனார்கள். இருபது வருஷ முடிவில் 61 பேரை மறுபடியும் பார்க்க முடிந்தது. இடைவிடாமல் நோயிலேயே கிடந்தவர்களும் மிகச் சிலர்தான்; அறவே குணமாகித் திரும்பிப் பாராதவர்களும் மிகச் சிலர்தான். மற்ற எல்லோரும் நடுவே இருந்தார்கள். வியாதி வந்தது, போயிற்று, மறுபடி வந்தது. இடையிடையே வேலை பார்த்தார்கள், பிள்ளை வளர்த்தார்கள். கிரேப்ளின் கருதியதுபோல் எல்லோருக்கும் மீட்சியற்ற தேய்மானமாக இருக்கவில்லை.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1960-களின் பிற்பகுதியில் உலக சுகாதார ஸ்தாபனத்தார் ஒன்பது தேசங்களில் ஏக காலத்தில் ஓர் ஆராய்ச்சி தொடங்கினார்கள். லண்டன், வாஷிங்டன், மாஸ்கோ முதலிய நகரங்களோடு நம் ஆக்ராவும் அதில் சேர்ந்திருந்தது. சில வருஷம் கழித்துப் பார்த்தால், செல்வம் மிகுந்த நகரங்களின் நோயாளிகளைவிட ஆக்ராவிலும் ஆப்பிரிக்காவின் இபாதானிலும் இருந்தவர்கள் நன்றாகத் தேறியிருந்தார்கள்! இந்த முடிவை ஆட்சேபிக்கும் அறிஞர்களும் உண்டு. தர்க்கம் இன்னும் ஓயவில்லை. ஆனால் செய்தி வந்ததும் நம்மவர்கள் மார்தட்டிக்கொண்டார்கள். கூட்டுக் குடும்பம், பாட்டியின் பரிவு, பாரத பண்பாடு என்றெல்லாம் மேடைகளில் பேசினார்கள். எனக்கும் அந்தப் பெருமையில் ஆசைதான். மேல்நாட்டில் தனி அறையில் ஒருவன் தனக்குத் தானே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு பைத்தியமாக இருக்கிறான். இங்கே குறைந்தது சோறு பிசைந்து ஊட்ட ஒரு கை இருக்கிறது.

ஆனால் அந்தக் கைதான் தாழ்ப்பாளையும் போடுகிறது. டாக்டர் தாராவும் சகாக்களும் நோய் கண்ட மணமான பெண்களைப் பற்றி ஆராய்ந்தபோது வெளிவந்தவை நெஞ்சை அறுப்பவை. “கலியாணம் பண்ணிவைத்தால் சரியாகிவிடும்” என்று மறைத்துக் கட்டிக் கொடுத்திருப்பார்கள். மாதங்கள் போகும், விஷயம் தெரியும், தாய்வீட்டில் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். விவாகரத்தும் இல்லை, ஜீவனாம்சமும் இல்லை. வயதான பெற்றோருக்குச் சுமை. புருஷன் கைவிட்ட பின்பும் பல பெண்கள் தாலியைக் கழற்றாமல், என்றாவது கூப்பிடுவான் என்று காத்திருந்தார்கள். நோய் கண்ட ஆண்பிள்ளைக்கு மனைவி சோறு போடுவாள். நோய் கண்ட பெண்ணுக்குப் புருஷன் போடுவது அபூர்வம். பாரத பண்பாட்டைப் பற்றி மேடையேறுகிறவர்கள் இந்தப் பக்கத்தையும் படித்துவிட்டு ஏறட்டும்.

கோயில்களுக்குக் கொண்டுபோவதைப் பரிகசிக்கும் படித்தவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நம் ஊரைக் கடந்து போகும் இதே காவிரியின் கரையில், திருச்சிக்கு மேற்கே, குணசீலம் இருக்கிறது. பிரசன்ன வேங்கடாசலபதியின் சந்நிதியில் மனநோயாளிகளை 48 நாள் தங்க வைத்து, உச்சிவேளையிலும் அர்த்தஜாமத்திலும் தீர்த்தம் தெளிப்பது வழக்கம். வேலாயுதம்பாளையம்புதூர் என்ற மற்றொரு ஊரில் முத்துஸ்வாமி கோயிலில் தங்கிய 31 பேரை மனநோய் நிபுணர்களே பரீட்சித்து, 2002-ல் பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகையில் எழுதினார்கள். மருந்தில்லாமலே, சில வாரங்களில், நோயின் கடுமை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. உடன் ஓர் உறவினர் இருந்தார், செய்யச் சிறு வேலை இருந்தது, யாரும் ஏசவில்லை. சாரதா மேனன் அம்மையார் வைத்தியத்தின் மறு பாதி என்றது இதுவல்லவா? ஆனால் அந்தப் பாதியையே முழுமை என்று நம்பி மாத்திரையை ஆற்றில் எறிவதுதான் விபரீதம்.

புண்ணிய ஸ்தலத்தின் நிழலில் சங்கிலி நுழைந்துவிட்டால் என்ன ஆகும் என்பதை 2001-ம் வருஷம் ஆகஸ்ட் 6-ந் தேதி இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் கண்டோம். தர்காவை நாடி வந்த நோயாளிகளைத் தனியார் ஒருவர் கீற்றுக் கொட்டகையில் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்தார். விடியற்காலையில் தீப்பிடித்தது. 28 பேர் உயிரிழந்தார்கள். 2017-ல் இயற்றப்பட்ட மனநலப் பராமரிப்புச் சட்டம், எந்த மனநோயாளியையும் எந்த விதத்திலும் சங்கிலியிடக் கூடாது என்று விதிக்கிறது. வெள்ளைக்காரன் 1912-ல் செய்த சட்டம் பைத்தியக்காரனிடமிருந்து ஊரைக் காப்பது எப்படி என்று யோசித்தது. நோயாளிக்குச் சிகிச்சை பெறும் உரிமை உண்டு என்று எழுதிக்கொள்ள நமக்கு நூற்றைந்து வருஷம் பிடித்தது.

அந்த வீட்டுக்கு ஐப்பசியில் மறுபடியும் ஒரு முறை போனேன். சென்னைக்குப் போக வேண்டியதில்லை, ஜில்லா மனநலத் திட்டம் எல்லா ஜில்லாக்களிலும் நடக்கிறது, ஈரோட்டு ஆஸ்பத்திரியிலேயே காட்டலாம், 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரத்திலும் கூப்பிட்டுத் தமிழிலேயே கேட்கலாம், செலவில்லை என்றெல்லாம் பாட்டியாரிடம் சொன்னேன். எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை வாங்கி மடித்து, முந்தானையில் முடிந்துகொண்டார். வெகு நேரம் பேசவில்லை. பிறகு, “ஆஸ்பத்திரிக்குப் போறது மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா கலியாணம் நின்னுபோயிருங்களா தம்பி?” என்று கேட்டார். நிற்காது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நிற்கக் கூடாது என்று மட்டும் சொன்னேன்.

கலியாணம் தை மாதத்தில். சம்பந்தி வீட்டாருக்கு இன்னும் சொல்லவில்லை. மணப்பெண்ணே மாப்பிள்ளையிடம் சொல்லிவிடுவதாக இருக்கிறாள் என்று கேள்வி. பையனை மூன்று தடவை ஈரோட்டுக்கு அழைத்து வந்திருக்கிறார்கள். மாத்திரையை ஒளித்து வைக்கிறான் என்பதால் டாக்டர் மாதத்துக்கு ஒரு தடவை போடும் ஊசிக்கு மாற்றியிருக்கிறார். முதல் இரண்டு தடவையும் வாடகைக் காரில் ஜன்னலை மூடிக்கொண்டு வந்தார்கள். மூன்றாம் தடவை டவுன் பஸ். ஏறினதும், ஜன்னலோரம் தனக்கு வேண்டும் என்று பாட்டியிடம் கேட்டு வாங்கி உட்கார்ந்துகொண்டானாம்.